ஸ்லட்ஜ் படிய மறுக்கும்போது: இழை பாக்டீரியாவும் பழுப்பு நுரையும்

கழிவுநீர் சுத்திகரிப்பு பிளாண்டில் காலை ரவுண்டு. காற்றடித்துப் பாக்டீரியாவை வளர்க்கும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஸ்லட்ஜை, அதாவது பாக்டீரியா நிறைந்த கசடை, ஒரு லிட்டர் சிலிண்டரில் ஊற்றி வைக்கிறோம். முப்பது நிமிடம் கழித்து 550 மில்லியில் நிற்கிறது. போன மாதம் இதே சிலிண்டரில் 250-இல் நின்றது. மேலே நிற்கும் தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவு. இந்தத் தெளிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இழை பாக்டீரியா மிகுந்த ஸ்லட்ஜ் வலைபோல விரிந்து, சின்னத் துகள்களையும் வாரிக்கொண்டு மெதுவாக இறங்கும். அதனால் மேல்நீர் வழக்கத்தைவிடத் தெளிவாகவே இருக்கும், லேப் ரிப்போர்ட்டும் நன்றாக வரும். ஸ்லட்ஜைப் படியவிட்டுத் தெளிந்த நீரைப் பிரிக்கும் கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் படுகை மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். நீர்வரத்து உச்சத்தைத் தொடும் ஒரு நாளில் அது வீயர் என்னும் வழிவிளிம்பின் மேல் வழிந்து ஓடும்போதுதான் எல்லோரும் ஓடி வருவார்கள்.

இழை என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்சுவருக்கு வைக்கோல் எப்படியோ, ஃப்ளாக்குக்கு, அதாவது பாக்டீரியா சேர்ந்து கட்டும் திரளுக்கு, இழை அப்படி. அறவே இல்லாவிட்டால் ஃப்ளாக் பொடிப்பொடியாகி, ஸ்லட்ஜ் கல் மாதிரி கீழே போனாலும் மேல்நீர் கலங்கியே நிற்கும். ஒழித்துக்கட்டப் போனால் அந்தத் தொல்லை வந்து சேரும். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

முதலில் சிலிண்டர்

550 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. அதை 1000-ஆல் பெருக்கி, எம்எல்எஸ்எஸ் (டேங்க் கலவையில் மிதக்கும் திடப்பொருள்) அளவால் வகுத்தால் எஸ்விஐ, அதாவது ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்து எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்பது, கிடைக்கும். எம்எல்எஸ்எஸ் லிட்டருக்கு 2500 மில்லிகிராம் என்றால் எஸ்விஐ 220. பொதுவாக 80 முதல் 120 வரை இருந்தால் நிம்மதி. 150-ஐத் தாண்டினால் காரணம் தேட ஆரம்பிக்க வேண்டும். 200-க்கு மேல் போனால் கிளாரிஃபையரின் தாங்கும் திறன் கையைவிட்டுப் போகிறது என்று பொருள்.

சாம்பிளை எடுத்த இடத்திலேயே சோதனையைச் செய்துவிட வேண்டும். அரை மணி நேரம் பாட்டிலில் கிடந்த ஸ்லட்ஜ் வேறு மாதிரி படியும். ஒல்லியான சிலிண்டரில் சுவரோடு ஸ்லட்ஜ் ஒட்டிக்கொண்டு இறங்கத் தயங்கும்; இரண்டு லிட்டர் அகல ஜாடி கிடைத்தால் அதுவே நல்லது. முதல் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். கடைசி எண் மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு இது வேண்டாத வேலையாகத் தெரியும். ஆனால் கிளாரிஃபையருக்குள் நடப்பதை அந்த முதல் பத்து நிமிட வேகம்தான் காட்டும்.

சிலிண்டரில் படியாததெல்லாம் இழையின் வேலையும் இல்லை. எம்எல்எஸ்எஸ் 4500, படிவு 900 என்று வைத்துக்கொள்வோம். எஸ்விஐ 200 வருகிறது. அதே ஸ்லட்ஜில் பாதி, தெளிந்த வெளியேறும் நீரில் பாதி கலந்து மறுபடி வையுங்கள். படிவு 240-க்கு இறங்கினால், இரண்டால் பெருக்கி 480. உண்மையான எஸ்விஐ 107-தான். இங்கே ஸ்லட்ஜுக்கு நோய் எதுவும் இல்லை. டேங்கில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது, நெரிசலில் படிய முடியவில்லை, அவ்வளவே. கழிவு ஸ்லட்ஜைக் கூடுதலாக எடுத்தால் தீர்ந்தது. கலந்த பிறகும் சிலிண்டரிலேயே 400-க்கு மேல் நின்றால் அது நிஜமான வீக்கம், ஸ்லட்ஜ் உப்பிக்கொண்டு படிய மறுக்கும் நிலை. அப்போது ஒரு பங்கு ஸ்லட்ஜுக்கு மூன்று பங்கு நீர் என்று இன்னும் கலந்து, படிவு 250 மில்லிக்குக் கீழே வந்த பிறகே கணக்கிடுங்கள். படிவு 250-ஐத் தாண்டும் நாட்களில் இந்தக் கலப்புச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இழையைக் கொல்லக் குளோரின் வாங்க ஓடிய பல பிளாண்டுகளுக்கு இந்த ஒரு சோதனையே போதுமாக இருந்திருக்கும்.

இன்னொரு போலி: ஸ்லட்ஜ் நன்றாகப் படிந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே எழும்புவது. ஒரு குச்சியால் மெதுவாகக் கலக்கிவிட்டால் சிறு குமிழ்கள் வெளியேறி மறுபடி கீழே போகும். அது நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் வாயு பிறப்பதால் வருவது. கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் அதிக நேரம் தங்குகிறது என்று அர்த்தம். ரிட்டர்ன் அளவை, அதாவது கிளாரிஃபையரிலிருந்து டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ஸ்லட்ஜை, கூட்டிப் படுகையைக் குறைப்பதுதான் அதற்கு வைத்தியம்.

மைக்ராஸ்கோப்பில் என்ன பார்ப்பது

சாயம் இல்லாமலே செல்லைத் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால் நல்லது. 100 மடங்கில் ஃப்ளாக்கின் வடிவத்தையும், 1000 மடங்கில் ஆயில் வைத்து இழையையும் பாருங்கள். எவ்வளவு இழை என்பதற்கு 0 முதல் 6 வரை ஒரு அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு ஃப்ளாக்குக்கு ஒன்று முதல் ஐந்து இழை தெரிந்தால் 3, ஐந்து முதல் இருபது என்றால் 4, இருபதுக்கு மேல் என்றால் 5, ஃப்ளாக்கைவிட இழையே அதிகம் என்றால் 6. அன்றாடம் 2, 3 என்று எழுதி வரும் பிளாண்டில் ஒரு வாரம் 4 வந்தால், சிலிண்டர் சொல்வதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. எந்த இழை என்று தெரிந்தால் எங்கே தப்பு என்று தெரியும். நெதர்லாந்தின் டிக் ஐக்கல்பூம் 1970-களில் வகுத்த எண் முறைதான் இன்றும் பேச்சில் இருக்கிறது: 021என், 1701, 0041 என்று. பெயர் தெரியாத இழைகளுக்குத் தோற்றத்தை வைத்து எண் கொடுத்தார். எண்கள் அப்படியே நிலைத்துவிட்டன.

கிராம் ஸ்டெயின் என்னும் சாயச் சோதனை ஒன்று போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மெல்லிய பூச்சாகத் தேய்த்துக் காற்றில் உலர விடுங்கள். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹாலால் அரை நிமிடத்துக்குள் நிறம் நீக்கல், சஃப்ரனின் ஒரு நிமிடம். ஊதா நிறம் நின்றால் பாசிடிவ், சிவப்பாகத் தெரிந்தால் நெகடிவ். ஆல்கஹாலை நீட்டினால் ஊதாவும் கழுவிப் போய்விடும். முதல் முறை செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊதாவாக, கிளை கிளையாக, குட்டை மரக்கொம்பு போல ஃப்ளாக்குக்குள் தெரிந்தால் நோக்கார்டியா இனத்தவை. கோர்டோனியா அவற்றில் முக்கியமானது. ஊதாவாகவே, ஆனால் கிளை இல்லாமல், சிக்கெடுக்காத நூல்கண்டு போலச் சுருண்டு கிடந்தால் மைக்ரோத்ரிக்ஸ். இரண்டும் கொழுப்பையும் எண்ணெயையும் விரும்பி நுரை கட்டுபவை; அவற்றைப் பற்றிப் பின்னால். இழைக்குள் பளபளக்கும் கந்தகத் துகள்கள் தெரிந்தால் தியோத்ரிக்ஸ், 021என், பெஜியாடோவா என்று போகும். இவை சல்ஃபைடும் கரிம அமிலமும் கலந்த, வழியிலேயே அழுகிய கழிவுநீர் வருகிறது என்பதைச் சொல்கின்றன. தியோத்ரிக்ஸும் 021என்-ம் நைட்ரஜன் பற்றாக்குறையிலும் தலைதூக்கும். ரயில் பெட்டிகள் மாதிரி உறைக்குள் கோல் செல்கள் வரிசையாக நின்று, கிளைவிடுவது போலத் தோன்றினால் ஸ்ஃபீரோடைலஸ். ஊசி மாதிரி மெல்லியதாக, நேராக நீட்டிக்கொண்டிருந்தால் ஹாலிஸ்கோமெனோபேக்டர். இந்த இரண்டும் 1701-ம் சேர்ந்து சொல்வது, ஆக்சிஜன் போதவில்லை என்று. இழையின் மேல் வேறு பாக்டீரியா முள் முள்ளாக ஒட்டிக்கொண்டிருக்கும் 0041, 0675 பெரும்பாலும் உணவு குறைவான, வயது முதிர்ந்த ஸ்லட்ஜில் வரும். பூஞ்சை இழை தெரிந்தால் பிஎச் 6-க்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு துளி ஸ்லட்ஜில் ஒரு துளி இந்தியா இங்க் விட்டும் பாருங்கள். மை ஃப்ளாக்குக்குள் புகுந்து கறுப்பாகத் தெரிந்தால் சரி. மை நுழைய முடியாமல் பெரிய வெள்ளைத் திட்டுகள் நின்றால், பாக்டீரியா வழவழப்பான பசையைச் சுரந்து வைத்திருக்கிறது. சத்துப் பற்றாக்குறைக்கு இது நல்ல அடையாளம். இழை அதிகம் இல்லாமலே எஸ்விஐ எகிறும் பிளாண்டுகளில் பல நேரம் இதுதான் கதை. அங்கே குளோரின் அடித்துப் பயனே இல்லை.

பம்ப் ஓடும் மணிநேரம் ஏமாற்றும்

இந்தப் பிரச்சினையில் மிக அதிகமாகப் பார்க்கப்படும் தவறு வேஸ்டிங் கணக்கில், அதாவது மிஞ்சும் ஸ்லட்ஜை வெளியே எடுக்கும் கணக்கில், இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏரேஷன் டேங்க் 2000 கன மீட்டர், எம்எல்எஸ்எஸ் 2500. டேங்கில் இருப்பது 5000 கிலோ. எஸ்விஐ 100-ஆக இருந்த நல்ல காலத்தில் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் லிட்டருக்கு 8000 மில்லிகிராம் கனத்தில் வந்தது. தினமும் 40 கன மீட்டர் வெளியே எடுத்தால் 320 கிலோ. டேங்கில் இருப்பதை நாளுக்கு எடுப்பதால் வகுத்தால் ஸ்லட்ஜ் வயது: ஏறத்தாழ 16 நாள். எல்லாம் ஒழுங்கு.

எஸ்விஐ 220 ஆகிறது. இப்போது கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் இறுகுவதில்லை. பத்து லட்சத்தை எஸ்விஐ-ஆல் வகுத்தால் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் எவ்வளவு கனமாக வர முடியும் என்பதற்கு ஒரு தோராய வரம்பு கிடைக்கும்: இங்கே 4500 சொச்சம். நடைமுறையில் 4200 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் எதையும் மாற்றவில்லை. பம்ப் அதே நேரம் ஓடுகிறது, லாக் புக்கில் அதே 40 கன மீட்டர். ஆனால் வெளியே போவது 168 கிலோதான். ஸ்லட்ஜ் வயது யாரும் தொடாமலே 30 நாளை நெருங்கிவிட்டது. மிச்சமாகும் 150 கிலோ தினமும் டேங்கில் சேர்ந்து எம்எல்எஸ்எஸ்-ஐ நாளுக்கு 75 வீதம் ஏற்றுகிறது. வயது ஏறினால் உணவுக்கும் ஸ்லட்ஜுக்கும் உள்ள விகிதம், அதாவது எஃப்/எம், இறங்கும். குறைந்த எஃப்/எம்-ஐ விரும்பும் இழைகளுக்குக் கொண்டாட்டம். எஸ்விஐ இன்னும் ஏறும். ரிட்டர்ன் இன்னும் மெலியும்.

ஆகவே வேஸ்டிங்கைக் கிலோவில் எழுதுங்கள். இந்த உதாரணத்தில் அதே 320 கிலோவை எடுக்க 76 கன மீட்டர் வெளியேற்ற வேண்டும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்லட்ஜ் உலர்த்தும் பகுதி அதைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே பாருங்கள். பல இடங்களில் ஃபில்டர் பிரஸ்ஸின் கொள்ளளவுதான் ஸ்லட்ஜ் வயதைத் தீர்மானிக்கிறது. வயதைக் குறைப்பதாக முடிவெடுத்தாலும், எடுக்கும் கிலோவை நாளுக்கு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். அமோனியா நைட்ரேட்டாக மாறும் நைட்ரிஃபிகேஷன் நடக்கும் பிளாண்டில் அமோனியா எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். செய்த மாற்றத்தின் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று ஸ்லட்ஜ் வயது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து நான்கு விஷயத்தை ஒரே வாரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கிளாரிஃபையர் தாக்குப்பிடிக்க

காரணத்தைத் தேடும் நாட்களில் ஸ்லட்ஜ் வெளியே ஓடாமல் பார்க்க வேண்டும். படுகையின் உயரத்தை ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது அளக்க ஆரம்பியுங்கள். ரிட்டர்ன் அளவைக் கூட்டினால் பொதுவாகப் படுகை இறங்கும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால், கிளாரிஃபையருக்குள் வரும் ஓட்டமும் கூடிவிடுவதால் படுகை மறுபடி ஏறும். ஒரு படி கூட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்து, படுகை இறங்கினால் மட்டும் அடுத்த படி.

டேங்கில் பல இடத்தில் இன்லெட் இருந்தால் அதிர்ஷ்டம். கழிவுநீரைக் கடைசிப் பகுதிக்கு மாற்றிவிடுங்கள். கனமான ஸ்லட்ஜ் முன்பகுதியில் தேங்கி, கிளாரிஃபையருக்குப் போகும் கலவை மெலியும். சில மணி நேரத்திலேயே பளு குறையும், செலவே இல்லை. அது இல்லாத இடத்தில் துகள்களை ஒட்டிச் சேர்க்கும் கேட்டயானிக் பாலிமரைக் கிளாரிஃபையர் நுழைவில் சொட்டுவிடலாம். பெரும்பாலும் லிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிகிராமே போதும், ஆனால் சிலிண்டரில் சோதித்துவிட்டே போடுங்கள். இதெல்லாம் நாளை நகர்த்தும் வேலைகள். இழை அப்படியே இருக்கும்.

குளோரின்: கணக்குப் போட்டுத்தான்

இழைகள் ஃப்ளாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் குளோரின் முதலில் அவற்றைத் தாக்கும். ஃப்ளாக்குக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா ஓரளவு தப்பிக்கும். இந்த வித்தியாசத்தில்தான் முழு வைத்தியமும் நிற்கிறது. அளவு கூடினால் வித்தியாசம் போய்விடும்.

மேலே சொன்ன அதே பிளாண்ட்: டேங்கில் 5000 கிலோ, கிளாரிஃபையரில் 600 கிலோ. இதில் 80 சதவீதம் ஆவியாகும் திடப்பொருள் என்றால் 4500 கிலோ சுமார். தொடக்க அளவு ஆயிரம் கிலோவுக்கு நாளுக்கு 2 முதல் 3 கிலோ குளோரின். 3 என்று எடுத்தால் 13.5 கிலோ. பத்து சதவீத ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) லிட்டருக்கு 100 கிராம் குளோரின் இருப்பதால் நாளுக்கு 135 லிட்டர், டோசிங் பம்ப்பை மணிக்கு 5.6 லிட்டரில் வைக்க வேண்டும். ஹைப்போ கேனில் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள். வெயிலில் நின்ற கேன் சில வாரத்தில் கணிசமாக வலு இழந்திருக்கும். டைட்ரேஷன் செய்து வரும் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

அடுத்த கேள்வி, ஸ்லட்ஜ் ஒரு நாளில் எத்தனை முறை ரிட்டர்ன் லைனில் குளோரின் போடும் இடத்தைக் கடக்கிறது என்பது. ரிட்டர்ன் மணிக்கு 180 கன மீட்டர், கனம் 4200 என்றால் நாளுக்கு 18,000 கிலோ கடக்கிறது. மொத்த இருப்பு 5600 கிலோ. மூன்று முறைக்குச் சற்று மேல். குறைந்தது மூன்று என்பதுதான் வழக்கமான விதி, இங்கே தேறிவிட்டது. தங்கும் நேரம் நீண்ட பெரிய டேங்குகளில் இது ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். ஒருமுறை அடிபட்ட இழை அடுத்த முறை வருவதற்குள் வளர்ந்துவிடுகிறது, எவ்வளவு ஹைப்போ ஊற்றினாலும் எஸ்விஐ அசையாது. அங்கே டேங்கிலிருந்தே தனி பம்ப் வைத்து ஒரு சுற்று ஓட்டி, அந்த லைனில் போட வேண்டும்.

போடும் இடம் ரிட்டர்ன் பம்ப்புக்கு அருகில் அல்லது வளைவுக்கு முன்னால், நன்றாகக் கலக்கும் இடமாக இருக்கட்டும். கச்சா கழிவுநீர் சேரும் இடத்தில் போட்டால் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும். எந்தச் சூழ்நிலையிலும் ஹைப்போ லைனையும் பாலி அலுமினியம் குளோரைடு அல்லது ஃபெரிக் லைனையும் ஒரே டேங்கிலோ ஒரே குழாயிலோ சந்திக்க விடாதீர்கள். பாலி அலுமினியம் குளோரைடும் ஃபெரிக்கும் அமிலத்தன்மை கொண்டவை. ஹைப்போவோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். பழைய டோசிங் டேங்கைக் கழுவாமல் வேறு கெமிக்கலுக்கு மாற்றும்போது இது நடக்கும்.

ஆரம்பித்த பிறகு தினமும் மைக்ராஸ்கோப். முதலில் இழைக்குள் இருக்கும் கந்தகத் துகள்கள் மறையும், பிறகு செல்கள் சுருங்கும், இடையிடையே காலி இடம் தெரியும், கடைசியில் இழை ஒடியும். பாதிக்கு மேற்பட்ட இழைகளில் இந்தச் சேதம் தெளிவாகத் தெரிந்தால் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். உறை உள்ள இழைகளில் ஒரு சங்கடம் உண்டு: உள்ளே செல் செத்தாலும் காலி உறை நிற்கும், படியவிடாமல் தடுக்கும். எஸ்விஐ இறங்கவில்லை என்று இந்தக் கட்டத்தில் அளவைக் கூட்டினால் நல்ல பாக்டீரியாவும் போகும். அந்த உறைகள் வேஸ்டிங்கில் வெளியேறும்வரை காத்திருப்பதே வழி. வெளியேறும் நீர் பால் கலந்தது போல மங்கினாலோ, அமோனியா ஏறினாலோ, சிலியேட்டுகள் (ஸ்லட்ஜில் வாழும் ஒற்றைச்செல் உயிர்கள்) நகராமல் கிடந்தாலோ, அளவு மீறிவிட்டது. மூன்று கிலோவில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஐந்து, ஆறு என்று படிப்படியாக ஏற்றலாம். அதற்கு முன் கலப்பும் கடக்கும் எண்ணிக்கையும் சரியா என்று மறுபடி பாருங்கள்.

காரணத்தைச் சரிசெய்யாமல் நிறுத்தினால், சில வாரத்தில் அதே இழை அதே இடத்தில் நிற்கும்.

காரணங்களைத் தேடிப் பிடிப்பது

ஆக்சிஜனில் தொடங்கலாம், ஏனென்றால் மீட்டர் கையில் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் 2 என்று காட்டுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த சென்சார் பெரும்பாலும் டேங்கின் கடைசியில் இருக்கும். கையடக்க மீட்டரை எடுத்துக்கொண்டு, பளு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், இன்லெட், நடு, கடைசி என்று நடந்து அளவெடுங்கள். இன்லெட் பக்கம் 0.3, கடைசியில் 3 என்று வருவது சாதாரணம். எவ்வளவு போதும் என்பது எஃப்/எம்-ஐப் பொறுத்தது. 0.1, 0.2 என்று ஓடும் பிளாண்டில் 1 முதல் 1.5 மில்லிகிராம் போதும். 0.5-இல் ஓடும் பிளாண்டில் 2 கூடப் பற்றாமல் போகலாம். வெளியே ஆக்சிஜன் இருந்தாலும் ஃப்ளாக்கின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. நீட்டிக்கொண்டிருக்கும் இழைக்கு மட்டும் கிடைக்கும்.

சத்துப் பற்றாக்குறை தொழிற்சாலைக் கழிவுநீரில் அடிக்கடி வருவது. பிஓடி (பாக்டீரியா சிதைக்கக்கூடிய கரிமப் பளு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதத்தில் ஆரம்பியுங்கள். நாளுக்கு 500 கிலோ பிஓடி என்றால் 25 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ். டிஏபி (டைஅமோனியம் பாஸ்பேட்) உரத்தில் 46 சதவீதம் என்று எழுதியிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. நிஜமான பாஸ்பரஸ் 20 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பாதிக்கும் குறைவாகப் போடுகிறவர்கள் உண்டு. 25 கிலோ டிஏபி போட்டால் 5 கிலோ பாஸ்பரஸும் 4.5 கிலோ நைட்ரஜனும் வந்துவிடும். மீதி 20.5 கிலோ நைட்ரஜனுக்கு 46 சதவீத யூரியா சுமார் 45 கிலோ. வரும் கழிவுநீரிலேயே இருப்பதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்லட்ஜ் வயது அதிகமுள்ள பிளாண்டுக்கு இவ்வளவு தேவைப்படாது. சரியான அளவு எது என்பதை வெளியேறும் நீர் சொல்லும்: வடிகட்டிய சாம்பிளில் அமோனியாவும் நைட்ரேட்டும் சேர்ந்து 1 முதல் 2 மில்லிகிராம் நைட்ரஜனாகவும், ஆர்த்தோபாஸ்பேட் 0.5 முதல் 1 மில்லிகிராம் பாஸ்பரஸாகவும் எப்போதும் மிஞ்ச வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கொட்டினால் ஒரு நாள் விருந்து, ஆறு நாள் பட்டினி. கரைத்துச் சீராக விடுங்கள்.

அழுகிய கழிவுநீருக்கு முதலில், வரும் நீரைச் சேர்த்துச் சமன்படுத்தும் ஈக்வலைசேஷன் டேங்கைப் போய்ப் பாருங்கள். காற்று போகாத டேங்கில் ஒரு நாள் தங்கினாலே சல்ஃபைடும் கரிம அமிலமும் உருவாகிவிடும். காற்று விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கலாம், மூலையில் கசடு மலைபோலச் சேர்ந்திருக்கலாம். அங்கேயே காற்றடித்துச் சரிசெய்வது மலிவு. குழாயில் நீண்ட தூரம் வருவது என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது ஃபெரிக் உப்பு தேவைப்படும்.

இனி குறைந்த எஃப்/எம். வயதைக் குறைக்க முடியாத பிளாண்டுக்கு நிரந்தர வழி செலக்டர். ரிட்டர்ன் ஸ்லட்ஜும் கழிவுநீரும் முதலில் ஒரு சிறிய அறையில் சந்திக்க வேண்டும். உணவு அடர்த்தியாக இருக்கும்போது ஃப்ளாக் பாக்டீரியா வேகமாக விழுங்கிச் சேமித்துக்கொள்ளும். உணவு நீர்த்துப்போன இடத்தில் இழைக்குத்தான் கை ஓங்கும். டேங்க் முழுதும் ஒரே சீராகக் கலக்கும் அமைப்பில் எங்கேயும் உணவு நீர்த்தே இருக்கிறது. அதனால்தான் அங்கே இழை அதிகம். காற்றுள்ள செலக்டரை மூன்று அறையாகப் பிரித்து, சிஓடி (வேதிமுறையில் அளக்கும் கரிமப் பளு) அடிப்படையில் எஃப்/எம் 12, 6, 3 என்று வரும்படி அமைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் வடிவமைப்பு. காற்றில்லாமல் நைட்ரேட்டை மட்டும் வைத்து ஓட்டும் அனாக்சிக் செலக்டர் காற்றுச் செலவையும் குறைக்கும். எஸ்பிஆர் (ஒரே டேங்கில் நிரப்பி, காற்றடித்து, படியவிடும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் காற்றை நிறுத்தி, கழிவுநீரை மெதுவாக விடாமல் வேகமாக நிரப்பினாலே செலக்டரின் பலன் பெரும்பகுதி கிடைக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க, செலக்டரிலிருந்து வெளிவரும் கலவையை வடிகட்டிச் சிஓடி பாருங்கள். எளிதில் மட்கும் கரைந்த சிஓடி-யில் பெரும்பகுதி அங்கேயே போயிருக்க வேண்டும். பெரிய அளவு தாண்டிப் போகிறது என்றால் செலக்டர் பெயருக்குத்தான் இருக்கிறது. ஆக்சிஜன் குறைவுக்கும் சத்துக் குறைவுக்கும் செலக்டர் கட்டித் தீர்வு தேடாதீர்கள்.

நுரை வேறு கதை

எல்லா நுரைக்கும் ஒரே மருந்து கிடையாது. கொஞ்சம் அள்ளி ஒரு ஜாடியில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். வெள்ளையாக, சோப்பு நுரை போலச் சில நிமிடத்தில் அமுங்கினால் அது இளம் ஸ்லட்ஜ் அல்லது டிடர்ஜென்ட். புதிதாக ஓட்ட ஆரம்பித்த பிளாண்டில் எம்எல்எஸ்எஸ் ஏறும்போது தானாகவே போகும். பழுப்பாக, பிசுபிசுப்பாக, மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால் நோக்கார்டியா அல்லது மைக்ரோத்ரிக்ஸ். நுரையையும் டேங்க் ஸ்லட்ஜையும் தனித்தனி ஸ்லைடில் பாருங்கள். நுரையில் இழை பல மடங்கு அதிகம் என்றால் சந்தேகமே இல்லை.

நோக்கார்டியா செல்லின் மேற்புறம் மெழுகு போன்றது. தண்ணீரோடு ஒட்டாது, காற்றுக் குமிழோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். மேலே வந்தது வேஸ்டிங்கில் போவதில்லை. ஸ்லட்ஜ் வயது பத்து நாள் என்று நாம் கணக்கு எழுதிக்கொண்டிருப்போம், நுரையின் வயது மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே ரிட்டர்ன் லைனில் குளோரின் போடுவது இங்கே அவ்வளவாக எடுபடாது. இதன் பெரும்பகுதி ஃப்ளாக்குக்குள்ளும் நுரையிலும்தான் இருக்கிறது. மேற்பரப்பிலிருந்து அள்ளி வெளியேற்றுவதுதான் பலமான வழி. ஏரேஷன் டேங்கிலிருந்து கிளாரிஃபையருக்குப் போகும் சேனலில் மேற்பரப்பை வழியவிடும் ஒரு சின்ன வீயரோ சாய்வுத் தகடோ வைத்து, அங்கிருந்தே கழிவு ஸ்லட்ஜை எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். அறைகளுக்கு நடுவே அடியில் மட்டும் திறப்பு இருந்தால் நுரை அங்கேயே சிறைப்பட்டுச் சேரும். மேல்மட்டத்தில் ஒரு வழி வெட்டிவிடுங்கள்.

நுரை ஓரிடத்தில் ஒதுங்கும் பிளாண்டில் அந்த இடத்தில் குளோரின் தூவலாம். பத்து சதவீத ஹைப்போ ஒரு லிட்டரைத் தண்ணீர் சேர்த்து 50 லிட்டராக்கினால் லிட்டருக்கு 2000 மில்லிகிராம். மெல்லிய தூவலாக, நுரை நனையும் அளவுக்கு மட்டும். ஹோஸ் வைத்து வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அமுக்கினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். விதையை மறுபடி டேங்குக்குள் கலந்துவிட்ட கணக்குதான். சிலிக்கான் ஆன்டிஃபோமும் பழுப்பு நுரையில் நீடித்துப் பலன் தராது, மாறாக ஆக்சிஜன் கரைவதைக் குறைக்கும்.

குளிர்காலத்தில், கலவையின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது பெருகுவது மைக்ரோத்ரிக்ஸ். இதற்குப் பாலி அலுமினியம் குளோரைடு நன்றாக எடுபடும். அளவு, ஒரு கிலோ எம்எல்எஸ்எஸ்-க்கு நாளுக்கு 2 முதல் 4 கிராம் அலுமினியம். 5000 கிலோ ஸ்லட்ஜுக்கு 3 கிராம் வீதம் 15 கிலோ அலுமினியம். கேனில் எழுதியிருப்பது அலுமினா சதவீதமாக இருக்கும், அதை 0.53-ஆல் பெருக்குங்கள். பத்து சதவீத அலுமினா திரவம் என்றால் 5.3 சதவீத அலுமினியம், ஆக நாளுக்கு சுமார் 283 கிலோ. இரண்டு மூன்று வாரம் விடாமல் போட வேண்டும். நான்காம் நாள் பலனில்லை என்று நிறுத்துவதுதான் பெரிய வீண்செலவு. அலுமினியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிளாண்டில் மிச்ச அளவைப் பார்த்துக்கொண்டே போடுங்கள், பிஎச்-ஐயும் சேர்த்து.

எடுத்த நுரையை எங்கே அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்லட்ஜைச் செரிக்கவைக்கும் டைஜெஸ்டருக்குள் போனால் அங்கேயும் நுரை கட்டி, வாயுக் குழாயை அடைக்கும். கிளாரிஃபையரில் மிதக்கும் கசடு சேரும் ஸ்கம் பாக்ஸிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை வரைபடத்தைப் பார்க்காமல் காலால் நடந்து பின்தொடருங்கள். பல பிளாண்டுகளில் அது இன்லெட் சம்ப்பில்தான் போய் விழுந்துகொண்டிருக்கும்.